கங்காணிக் கோட்டுக்கு வந்த கேடு

முகில் தவழும் முகடுகளும், முகில் விலகினால் அட்டை தவழும் சரிவுகளும் உடைய டிக்கோயா நன்னாட்டில், ஏழாம் நம்பர் மலைக்கு ஏக அதிபதியாய், தேயிலைக் கொழுந்து பறிக்கும் முப்பத்திரண்டு பெண்களுக்குத் தளபதியாய், கையில் பிரம்பும் மேனியில் கறுப்புக் கோட்டுமாய் விளங்கிய ஆண்டியப்பக் கங்காணியின் திருவடிகளை முதற்கண் வணங்குவோம். அவை வெறுங்கால்கள்தாம். ஆனாலும் கோட்டு இருந்தது. நாலு பித்தானில் மூன்று மிஞ்சிய அக்கவசத்தை அவன் காய்ச்சலிலும் கழற்றியதில்லை.

சீமையில் புதிய ராணி முடிசூடிய மறுவருடத்து ஆடியில், ஓர் அந்திப்பொழுது, பெருமழையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றான் ஆபீஸ் தபால்காரன் கஸ்பர். யுத்தகாலத்தில் பட்டாளத்துப் பாத்திரங்களை ஓடஓட விரட்டிக் கழுவிய பெரும்புகழோன் அவன்.

"கங்காணி, தொரை மேசையில ஒரு கடுதாசி பாத்தேங்க. ஏழாம் நம்பரு, உங்க பேரு, பக்கத்துல 'டிகிரடேஷன்'னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"பட்டாளத்துல ஒரு சார்ஜன்ட்டு தப்புப் பண்ணிட்டான். எல்லாரும் பாக்க, அவன் கையில இருந்த பட்டையப் பிச்செறிஞ்சாங்க. அதுக்குத்தாங்க அந்தப் பேரு."

அந்தோ! ஏழு கடல் தாண்டி வந்த அவ்வெள்ளைக்காரச் சொல், கோட்டின் மூன்று பித்தான்களையும் அவனை இறுகப் பூட்டச் செய்தது. செய்த பிழை யாதென்று இரவெல்லாம் துழாவினான் ஆண்டியப்பன். துரையின் நாயை ஒருமுறை அதட்டியது தவிர ஒன்றும் அகப்படவில்லை. மகளைப் பெண் கேட்டு மஸ்கெலியாவிலிருந்து வரவிருந்தவர்கள், கங்காணி வீடென்று நம்பியல்லவா வருகிறார்கள்!

செய்தி தொழிலாளர் குடியிருந்த லயந்தோறும் பரந்தது. விடியலில், வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பத்தாண்டாய்ப் பிரம்புக்குத் தவமிருந்த மாயாண்டி, மீசைக்கு எண்ணெய் தடவி மலையென நின்றான்.

"அண்ணே, கோட்டக் குடுத்துருங்க. எனக்கு அளவு சரியா இருக்கும்."

"கழட்டாதீங்க!" என்று கூடைக்காரிகளின் நடுவிலிருந்து முழங்கினாள் கங்காணியின் மனையாள் காளியாயி. "தொரை வாயால சொல்லட்டும்!"

மூண்டது பெரும்போர்! மதயானை இரண்டு ஒரு கரும்பைப் பற்றினாற்போல் இருவரும் கோட்டைப் பற்றி இழுக்க, சேறு தெறிக்க, பித்தான் பறக்க, பெண்கள் ஆர்ப்பரிக்க, திசையெட்டும் அதிரும்படி ஒரு 'டர்ர்' எழுந்தது. வலது கை மாயாண்டியிடம் வந்தது. மிச்சக் கோட்டு ஆண்டியப்பன் மேலேயே இருந்தது.

அவ்வேளை குடையுடன் எழுந்தருளினார் ஆபீஸ் பெரிய கிளாக்கர் லியனார்ட்.

"யோவ், என்னய்யா கூத்து? அந்த டிகிரடேஷன் மனுசனுக்கு இல்ல, மண்ணுக்குய்யா! ஏழாம் நம்பர்ல மேல்மண்ணெல்லாம் மழையில ஓடி, மண்ணு தரங்கெட்டுப் போச்சாம். மலை இவரோடதுன்னுதான் இவரு பேரு. தண்ணி வடிய கான் வெட்டணுமாம்."

மாயாண்டி கோட்டுக் கையை மடித்து, இரு கைகளாலும் பணிந்து நீட்டினான். ஆண்டியப்பன் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் கவசமிழந்த வலத்தோளில் குளிர்காற்று விளையாட, முப்பத்திரண்டு பெண்கள் முந்தானையால் வாய்பொத்திச் சிரிக்கக் கண்டபோது, பட்டாளத்துப் பொருளும் மலைப்பொருளும் போக, அச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டென்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே விளங்கிற்று. ஆயினும் பிரம்பை வானோக்கி உயர்த்தி, "நான் இருக்கிற வரைக்கும் ஏழாம் நம்பர் மண்ணு ஒரு பிடி நகராது!" என மலையதிர முழங்கினான் மாவீரன்.

அன்று ஆள் குறைவு என்பதால் கங்காணியும் கான் வெட்டினார்.