நீ சாகவில்லை, சுகிர்தம்

சார்செல், பிரான்ஸ்,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள தங்கை சுகிர்தத்துக்கு,

அண்ணன் வல்லிபுரம் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாரிஸில் நம் தமிழ்க்கடைகள் இருக்கும் லாச்சப்பலில் அதை ஒருவரும் நம்புவதாக இல்லை. நீ ஜெர்மனியில் காலமாகிவிட்டாய் என்று அங்கே முடிவாகிவிட்டது. பதறாதே, ஆறுதலாக வாசி.

முதலில் ஒரு சந்தோஷம். இந்தக் கடிதம் முழுவதும் என் கையெழுத்து! சனிக்கிழமைகளில் ஜெகதீஸ்வரி ரீச்சரிடம் போய் இந்த வயதில் எழுதப் படித்துவிட்டேன். இதுவரை உனக்கு வந்த கடிதங்களை நான் சொல்லச் சொல்ல மருமகள் சாம்பவிதான் எழுதினாள். சாம்பவியைப் பற்றிய முறைப்பாட்டைச் சாம்பவியைக் கொண்டே எழுதுவிக்க முடியுமா? போனிலும் சொல்ல வழியில்லை. இந்த வீட்டில் போன் என்றால் நடுவீட்டில் வைத்து எல்லோரும் கேட்பது.

ஆவணியில் மகன் யதுர்ஷனும் சாம்பவியும் என்னைக் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். கடலுக்கு நடந்தோம், அவித்த கடலையும் தக்காளியும் சாப்பிட்டோம், மாலையில் ஒரே மேசையைச் சுற்றி இருந்தோம். நான் குறை சொல்லவில்லை, விடுமுறை என்றால் அப்படித்தான். ஆனால் விடுமுறை என்றால் முடியவும் வேண்டாமா? விமானத்தால் இறங்கியதுமே சாம்பவி, "மாமா, அங்கை இருந்த மாதிரியே இனி இஞ்சையும் இருக்கப்போறம்" என்றாள். ஒலிவ் எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். தீவையே கொண்டுவந்துவிட்டார்கள்!

இரவில் அடுப்பு எரிவதில்லை, பச்சை மரக்கறிதான். தேநீரில் சீனி இல்லை. தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடியாயிற்று. போன்கள் கூடைக்குள். சாப்பிட்டதும் குளிரோ காற்றோ குடும்பமாக வெளியே நடக்க வேண்டும். லிஃப்ட் நன்றாக வேலை செய்ய, நாலாம் மாடிக்குப் படியால் ஏறு என்கிறான் யதுர்ஷன். கேட்டால், "அப்பா, தீவிலை மலை ஏறினியள்தானே?" என்கிறான். மலை உச்சியில் கோயில் இருந்தது, ஏறினேன். நாலாம் மாடியில் என்ன இருக்கிறது? வெள்ளரிக்காய்!

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை தவரத்தினமும் மனைவி சாரதாதேவியும் கலியாணம் சொல்ல வந்தார்கள். தவரத்தினம் என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவிய சிநேகிதன். அவன் மகள் லக்சிகாவுக்குக் காது குத்தியபோது அவள் இருந்தது என் மடியில். அவளுக்குத்தான் கலியாணம். சாரதாதேவி கையில் சந்தனம், குங்குமம், அழைப்பிதழ் வைத்த தட்டம். உள்ளே வந்து பார்த்தால் அடுப்பு எரியவில்லை. தொலைக்காட்சி மூடிக் கிடக்கிறது. நாங்கள் சத்தமில்லாமல் இருக்கிறோம். சாம்பவி தீவில் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு வந்து, தேநீர்கூடக் கொடுக்காமல், வெள்ளரித் துண்டு மிதக்கும் பச்சைத் தண்ணீரை நீட்டுகிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தட்டம் மெல்லச் சாரதாதேவியின் முதுகுக்குப் பின்னால் போனது. "மனதைத் தேற்றுங்கோ அண்ணை" என்றான் தவரத்தினம். "போயிட்டு வாறம்" என்று ஒரு சொல் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்கள். செத்தவீட்டிலிருந்து அல்லவா அப்படிப் போவார்கள்!

மறுநாள் லாச்சப்பலில் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெர்மனியிலை இருந்த தங்கச்சியாம். பாவம், நல்ல மனுசி." வீட்டில் மூன்று பேரும் உயிரோடு இருந்ததைக் கண்டவர்களுக்கு மிச்சம் அகப்பட்டது நீ. "ஆர் சொன்னது? அவள் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறாள்!" என்று கத்தினேன். "அழுதிடுங்கோ அண்ணை, அடக்கக்கூடாது" என்றார்.

தவரத்தினத்துக்குப் போன் எடுத்தேன். "ஒருத்தரும் சாகேல்லையடாப்பா!"

"விளங்குது அண்ணை. என்ரை பிள்ளையின்ரை கலியாணம் குழம்பக்கூடாதெண்டு துக்கத்தை மறைக்கிறியள். ஆருக்கு வரும் இந்த மனசு?" என்று அவன் அழுகிறான்! சாவுத் துடக்குக் கழியாத வீட்டைக் கலியாணத்துக்கு அழைக்க மாட்டார்கள். என் மடியில் இருந்த பிள்ளை மணவறையில் இருக்க, நான் வீட்டில் வெள்ளரிக்காய் கடிக்கவோ?

ஆகையால் நீ இரண்டு காரியம் செய். தவரத்தினத்துக்குப் போன் எடுத்து, நீ உயிரோடு இருப்பதை உன் வாயாலேயே சொல். பிறகு யதுர்ஷனுக்கு எடுத்து நன்றாக ஏசு. உலகத்தில் அவன் பயப்படுவது மாமியான உனக்கு மட்டும்தான். தீவைத் தீவில் விட்டுவிடச் சொல்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் துணை. நூறு வயது வாழ்வாய். பொய்யாகச் செத்தவர்களுக்கு ஆயுள் கெட்டி என்பார்கள்.

அன்பு அண்ணன்,
வல்லிபுரம்

பிற்குறிப்பு: நான் மெதுவாக எழுதுகிறவன். இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. விஷயம் அறிந்த சாம்பவி வெட்கத்தில் அழுது, ரோல்ஸ் பொரித்து வைத்துத் தவரத்தினம் வீட்டாரைக் கூப்பிட்டாள். செத்தவீட்டில் அடுப்பு எரியாதே; இங்கே எரிவதைக் கண்டதும் நம்பிவிட்டார்கள். அழைப்பிதழ் கைக்கு வந்துவிட்டது. அவனுக்கு நீ போன் எடுக்க வேண்டாம்.

ஆனால் சாம்பவி, "இனி ஒண்டும் வேண்டாம் மாமா, பழையபடி இருப்பம்" என்று சொல்லிவிட்டாள். இரவில் சோறு வந்தது, நல்லது. தொலைக்காட்சியும் வந்தது. யதுர்ஷன் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். நடக்கும்போதுதான், சுகிர்தம், அவன் என்னோடு கதைப்பான். வேலையிடத்துக் கதை, சின்ன வயதில் எனக்குப் பயந்த கதை, எல்லாம் சொல்வான். நேற்றுச் சாப்பிட்டதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஒருவரும் வரவில்லை.

அவனுக்கு எடுத்து ஏசத்தான் வேண்டும். நடையை ஏன் விட்டாய் என்று ஏசு. நான் சொன்னதாகச் சொல்லாதே. சோற்றைப் பற்றி வாயே திறக்காதே.