வீடியோ முகம்

எலுமிச்சம்பழச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்ந்து கன்னத்தில் தீயை வைத்தபோது, முகத்தைக் கழுவிவிடலாமா என்று ஜஸீனா ஒரு முறை யோசித்தாள். இருபது நிமிடம் வைக்க வேண்டும் என்று வீடியோவில் வந்த பெண் சொல்லியிருந்தாள். நாலாவது நிமிடத்திலேயே கண்ணில் நீர் கொட்டியது. பொறுத்தார் பூமியாள்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். பருக்கள் விட்டுப்போன கரும்புள்ளிகள் பதினொன்றும் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த இடம் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தது.

அஹ்சன் வர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அஹ்சன் அவளுடைய கணவன். நிக்காஹ் முடிந்து முப்பத்தைந்து நாள் குளச்சலில் இருந்துவிட்டு துபாய்க்கு விமானம் ஏறியவன், இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் லீவில் வருகிறான். கல்யாணத்தின்போதே அவளுக்குப் பருவும் புள்ளியும் உண்டு. அவன் பார்த்திருக்கிறான், ஒன்றும் சொன்னதில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் அவளை உறுத்தியது. அவன் போன முதல் மாதமே வீடியோ காலில் கேட்டுவிட்டாள்.

"மச்சான், என் முகம் இப்போ எப்பிடி இருக்கு?"

"நல்லாத் தெளிஞ்சிட்டே. பளிங்கு மாதிரி இருக்கு."

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பளிங்கைக் காணோம். அவளுடைய தங்கை ரஸீனாதான் போனைக் குடைந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். முகத்தை மினுக்கிக் காட்டும் வசதி ஒன்று போனில் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்திவிடலாம் என்றுதான் ஜஸீனா முதலில் நினைத்தாள். மறுநாளும் அவன் பளிங்கு என்றான். தினமும் பத்து நிமிடப் பேச்சில் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் காத்திருக்கத் தொடங்கினாள். கல்யாண வாழ்க்கை என்று அவள் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதை எந்த மனசோடு நிறுத்துவது?

இப்போது மனுஷன் நேரிலேயே வருகிறான். ரெண்டு வருஷமாக ஏமாற்றியிருக்கிறாளே என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் தங்கையிடம் புலம்பினாள்.

தங்கைகள் இப்படிப்பட்ட சமயத்தில் சும்மா இருப்பதில்லை. வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையிலிருந்து ரஸீனா ஒரு கிரீம் வாங்கி வந்தாள். டப்பாவில் எழுதியிருந்தது எந்த நாட்டு மொழி என்றே தெரியவில்லை. அதுவே அதன் பெருமை என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

கிரீம் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு நாளில் முகம் வெளுத்தது. மூன்றாம் நாள் வெளுத்த தோல் உரிந்தது. உரிந்த இடத்துக்கு நடுவே பதினொரு புள்ளிகளும் முன்னைவிடக் கறுத்து, எண்ணிக்கொள் என்பது போல நின்றன. அன்று வீடியோ காலுக்கு முன்னால் போன் கேமராவில் முகத்தைப் பார்த்ததில், மினுக்கும் வசதியும் கைவிட்டுவிட்டது தெரிந்தது. தனக்கு ஜலதோஷம் என்று அஹ்சனிடம் சொல்லி, வெறும் குரலில் பேச ஆரம்பித்தாள். வீட்டிலும் மாஸ்க் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறி, தோல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா கிரீம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியைக்கூடத் திறக்காமல் குப்பைக் கூடையில் போட்டார். பரு போன பிறகு வரும் கறுப்பு மெல்லத்தான் மங்கும் என்றார். பருவைக் கிள்ளக் கூடாது, வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் போட வேண்டும், சிவப்பு அடங்கிய பிறகு தான் எழுதித்தரும் களிம்பைத் தடவினால் மூன்று நாலு மாதத்தில் நன்றாகவே குறையும். ஆனால் சிவப்பு அடங்க ஒரு வாரம் ஆகும்.

"இந்த ஒரு வாரம் முகத்துல சூடு காட்டாத, ஒண்ணும் தேய்க்காத. முகத்தக் கொஞ்சம் சும்மா விடும்மா" என்றார் டாக்டர்.

ஒரு வாரம்தானே! அஹ்சன் வர எட்டு நாள் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது போல ஜஸீனா வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலிலேயே மாமியார் ஷாஜிதா பேகம் காத்திருந்தார். மருமகளின் ஜலதோஷம் நாலு பேர் காதுக்குப் போய், நாலு வைத்தியமாகத் திரும்பி வந்திருந்தது. அடுப்பில் ஒரு பெரிய சருவத்தில் நொச்சி இலை கொதித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மாமி, கொறஞ்சிட்டு" என்றாள் ஜஸீனா.

"கொறஞ்சா மாஸ்க் எதுக்குட்டி? உக்காரு."

போர்வைக்குள் தள்ளி, நாலு பக்கமும் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் மாமி. பாசத்துக்குக் குறைவில்லை, காற்றுக்குத்தான் வழியில்லை. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த முகம் செந்துளுவன் வாழைப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது. அதைப் பார்த்து மாமியே கொஞ்சம் பயந்துவிட்டார். உடனே மகனுக்குப் போன் போட்டு, உன் பொண்டாட்டிக்கு முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு என்று தெரிவித்தார்.

அஹ்சன் டிக்கெட்டை மாற்றினான். எட்டு நாளில் வர வேண்டியவன் நாளை மறுநாளே வருகிறான் என்று செய்தி வந்தது. மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. உன் மேல் அவனுக்கு எவ்வளவு பிரியம் பார் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிரியத்தை நினைத்துத்தான் ஜஸீனா அடுக்களையில் நின்று அழுதாள்.

சொன்னபடியே காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து கார் வந்து நின்றது. அஹ்சனோடு அவனுடைய அறைத்தோழன் சபீரும் இறங்கினான். மணவாளக்குறிச்சிக்காரன், போகிற வழியில் ஒரு சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். ஜஸீனா மாஸ்க்கோடு சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"அதக் கழத்துட்டி. மூச்சு முட்டப் போவுது" என்றார் மாமி.

கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். எத்தனை நாள் ஒளிப்பது? மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஹ்சன் குனிந்து பார்த்தான். "சிவந்து கெடக்கே. எரியுதா?" என்று கேட்டான்.

"புள்ளியப் பாத்தியளா மச்சான்?"

"அது எப்பவும் உள்ளதுதானே. எரியுதான்னுல்லா கேட்டேன்."

அவ்வளவுதான். இத்தனை நாளாக அவள் நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி அந்தப் பக்கம் வைத்தது போலிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வந்த நிம்மதியில் உண்மையையும் சொல்லிவிட்டாள். போனில் தெரிந்தது அவள் முகமே இல்லை, போன் மினுக்கிக் காட்டிய முகம். தெரிந்தும் நிறுத்தாமல் ரெண்டு வருஷமாக அவனை ஏமாற்றிவிட்டாள்.

அவன் கோபப்படுவான் என்று பார்த்தாள். அவனோ திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்தான். "அப்பிடியா, மினுக்கிக் காட்டிச்சா?" என்று மட்டும் கேட்டான். இவனுக்கு அது தெரியவே இல்லையா என்று ஜஸீனாவுக்கு விளங்கவில்லை.

"தினமும் பளிங்கு பளிங்குன்னு சொன்னியளே மச்சான்?"

அஹ்சன் சபீரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். சபீர் அதைக் கவனிக்காமல் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"இவன் எங்க மைனி பாத்தான்? எட்டுப் பேரு கெடக்க ரூமுல உங்க முகம் எங்க கண்ணுல பட்டிரக் கூடாதுன்னு, கேமராவுக்கு மட்டும் ஓட்டை விட்டுப் போனு ஸ்கிரீன் முழுக்க அட்டைய ஒட்டிவச்சிருந்தான். ரெண்டு வருஷமா அந்த அட்டையப் பாத்துத்தான் பளிங்குன்னு சொல்லிட்டிருந்தான்."