மாட்டாஸ்பத்திரியில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவன் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். நானோ ஒரு கறுப்பு வில்லை, சின்னக் காந்தம், பிளாஸ்க் நிறையத் திரவ நைட்ரஜன் சகிதமாகப் போனேன்.

காரணம் இருந்தது. அப்போது சென்னையில் மீகடத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கடுங்குளிரில் மின்சாரத்தைத் துளியும் தடுக்காமல் விடுகிற பொருள் அது. அந்தக் கறுப்பு வில்லை அதுதான்; நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைத்தால் காந்தம் அதன்மேல் மிதக்கும். ஏற்கெனவே இரண்டு வீட்டில், "பையன் ஐஸ் கம்பெனியில இருக்கானாமே" என்று கைகழுவிவிட்டார்கள். கள்ளக்குறிச்சிப் பெண்ணின் அப்பா மின்சார இன்ஜினியர். இவருக்கும் புரியாவிட்டால் நமக்குக் கல்யாணமே இல்லை என்று பயந்துபோயிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் களமருதூரிலிருந்து அம்மாவும் அப்பாவும் கிளம்பவே முடியவில்லை. எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றுவிட, நான் மட்டும் வெயிலில் நடந்தேன். (மாப்பிள்ளை முறுக்கெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.) போய்ச் சேர்ந்து பிளாஸ்க்கைத் திறந்தால், நைட்ரஜன் மொத்தமும் ஆவியாகியிருந்தது.

"கரியாலூர் மலை லைன்ல ஒரு கிளை விழுந்தா இங்க எல்லாம் அவுட்டுங்க" என்றார் இன்ஜினியர்.

"இந்த வில்லைய லைன்ல கோத்துட்டா, கரண்ட் எகிறின நொடியே இதுவே தடுத்துடுங்க சார். அப்பறம் பழையபடி ஆயிடும். வளையமா பண்ணி கரண்ட்ட சுத்தவுட்டா தேயாம சுத்திக்கினே இருக்கும். சேத்து வெச்சிக்கலாம்" என்று மூச்சுவிடாமல் பேசி, பழக்கதோஷத்தில் வில்லையின்மேல் காந்தத்தை வைத்தேன். மிதக்க வேண்டிய காந்தம் சிவனே என்று உட்கார்ந்திருந்தது.

"இன்னாங்க, கல்லு மேல கல்ல வெச்சிக்கினு..." என்றார் அவர்.

"நைட்ரஜன் தீந்துபோச்சு சார்" என்றேன் அழாக்குறையாக.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அது மாட்டாஸ்பத்திரில இருக்குதேப்பா. சினை ஊசி மருந்த அதுலதான வெச்சிக்கினு இருக்காங்க."

குடும்பத்தோடு போனோம். பசுவோடு காத்திருந்த ஒருவர், "மொதல்ல என் மாட்டப் பாருங்க, அப்பறம் மாப்ளயப் பாருங்க" என்று சண்டைக்கு வந்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே வில்லையின்மேல் ஒரு டம்ளர் ஊற்றினார். வெண்புகை பரவி அடங்கியதும் காந்தத்தை விட்டேன். அந்தரத்தில் நின்றது. லேசாகச் சுண்டினேன், நிற்காமல் சுற்றியது. பசுக்காரர் மாட்டை விட்டுவிட்டுக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். எத்தனையோ முறை பார்த்தவன்தான் நான். ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இன்னா தம்பி, பொண்ணு புடிச்சிருக்குதா?" என்றார் இன்ஜினியர்.

காந்தத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னொரு டம்ளர் கெடைக்குமா சார்?" என்றேன்.

ஆஸ்பத்திரியே சிரித்தது. அப்போதுதான் நிமிர்ந்தேன். பெண் என்னைப் பார்க்கவே இல்லை. "சும்மாவே நிக்குதுப்பா" என்று காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று முடிவுசெய்தேன்.

கல்யாணம் எப்படி நிச்சயமானது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், எங்கள் மகள் முந்திக்கொள்வாள். "மாட்டாஸ்பத்திரிலதான். மாடு ஒழுங்கா வரிசையில நின்னுச்சாம், அப்பாதான் நடுவுல பூந்துட்டாராம்."