கஞ்சி போட்ட வாழைமர நோட்டுகள்

படித்த பெண் ஒரு முட்டாள்தனம் செய்தால், அதற்குப் பொருத்தமான காரணத்தையும் கையில் வைத்திருப்பாள். என் காரணம் கிருமி.

அப்போது விழுப்புரத்தில் குடியிருந்தோம். மகளுக்கு ஒன்பது மாதம். பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகம் எனக்கு மனப்பாடம். பலர் கை பட்ட காசும் நோட்டும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி. எங்கள் வீட்டில் நோட்டுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் செல்லாத நோட்டு.

விலைவாசி ஏறி ஏறிப் பணம் வெறும் காகிதமாகிப்போன நாடுகளின் நோட்டுகளைச் சேர்ப்பது என் கணவரின் பொழுதுபோக்கு. தபால்தலைகளைக் கொடுத்து மாற்றிக்கொள்வார். நூறு கோடி மார்க் என்று அச்சிட்ட ஜெர்மன் நோட்டுகூட இருந்தது. (அதைத் துடைத்து வைத்த நான் மாதக் கடைசியில் மண்ணெண்ணெய்க்குத் திண்டாடினேன்.)

எல்லாம் என் மாமனாருக்காகத் தொடங்கியது. மலேயா ரப்பர் தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்தில் வயிற்றைக் கட்டிச் சேர்த்த, வாழைமரம் போட்ட டாலர் நோட்டுகளை ஒரு தகரப்பெட்டி நிறைய அவர் கொண்டுவந்திருந்தார். சண்டை முடிந்ததும் அவை செல்லாமல் போயின. ஊர் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் என்று காட்டினால் அப்பாவின் மனம் ஆறும் என்று இவர் நினைத்தார்.

“அதெல்லாம் தோத்துப்போன நாட்டுப் பணம்டா. நம்மளுது வேற” என்பார் மாமா. (ஜப்பான் ஜெயித்ததா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.)

ஒருநாள் மாமாவுக்கு ஒரு செய்தி வந்தது. திண்டிவனத்தில் மெட்ராஸ் ஆபீசர் ஒருத்தர் லாட்ஜில் தங்கி ஜப்பான் நோட்டை மாற்றித் தருகிறாராம். “நாளைக்கு மத்தியான ரயிலுக்குப் போறோம். வர்ற பணத்துல முகையூர்ல ரெண்டு காணி வாங்கிப்புடலாம்” என்றார்.

மறுநாள் காலை பேத்திக்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, ஆபீசரைப் பார்க்கப் போகிறோமே என்று முகம் மழிக்கக் கிளம்பினார். நான் திரும்பிப் பார்த்தால், மகள் ஒரு நோட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் அவள் துணிகள் சோடா போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தன. பெட்டியிலிருந்த நோட்டுகள் அத்தனையையும் அதில் போட்டேன். ஆபீசருக்கும் சுத்தமாகக் கொடுத்தால்தானே மரியாதை? எடுத்தபோது துவண்டு போயிருந்ததால் கஞ்சியில் நனைத்தேன். (நீலம் போடலாமா என்றும் யோசித்தேன்.) கொடியில் குழந்தைத் துணிக்கு நடுவே வரிசையாகக் காயப்போட்டேன். பாதிக்குச் சாயம் போயிருந்தது.

மாமா மழமழவென்று வந்து நின்றார்.

“என்னாம்மா பண்ணிக்கினு இருக்க?”

“கிருமி மாமா. புள்ள வாயில வச்சிட்டா.”

கொடியில் ஒரு நோட்டைத் தொட்டுப் பார்த்தார். “ஜல்தியா காயுமா?” என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரயிலில் பெட்டிக்குள் நோட்டுகள் அப்பளம்போல நொறுநொறுத்தன.

லாட்ஜில் மாமா வாசலோடு நின்றுவிட்டார். “நீங்க படிச்சவங்க, போய்ப் பேசுங்க” என்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே இருந்தவர் ஆபீசர் இல்லை. என் கணவரைப்போல நோட்டுச் சேர்ப்பவர். எங்களுக்கு முன்னால் திருவெண்ணெய்நல்லூர்க்காரர் ஒருவர் கட்டுக் கட்டாக எடுத்து வைத்தார். நோட்டுச் சேர்ப்பவர் அதில் மடிப்புக் கலையாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டணா கொடுத்தார். “வகைக்கு ஒண்ணு போதுங்க. மத்தது காகிதம்தான்.”

எங்கள் நோட்டை மூக்கருகே கொண்டுபோனார். “இது தொவைச்சதா?”

“கொதிக்கவும் வச்சேன்” என்றேன். (பள்ளியில் உண்மை பேசுவதற்குப் பரிசு வாங்கியவள்.)

“கழுவின நோட்ட யாரும் சேக்க மாட்டாங்கம்மா.”

ஆக, என்னால் போனது இரண்டணா.

வாசலில் மாமா குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார். “எவ்ளோ குடுக்கறாராம்?”

என் கணவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“தொவைச்சிட்டதால வேணாம்னுட்டாரு மாமா. என் தப்புதான்.”

மாமா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். “அதான பாத்தேன்” என்றார். ரயில் விக்கிரவாண்டி தாண்டியதும் குழந்தையிடம் மெதுவாகச் சொன்னார்: “ஒங்கம்மா என் சொத்தையே தொவைச்சிட்டாடி.”

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி ஆறுவதற்குள் அந்த ரெண்டு காணி கதை ஆரம்பித்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும் சிரிப்பார். பள்ளிக்குப் போகும் மகள், நான் துணி ஊறவைக்கும்போதெல்லாம், “அம்மா, பையில பணம் இருக்கான்னு பாத்துக்கோ” என்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது: ஒருவேளை, துவைக்காமல் இருந்திருந்தால்?