மருந்துத் தண்ணீரில் அத்தையின் கால்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் நீச்சு பெரிதாகக் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது ஒன்றே ஒன்றுதான்: சந்தேகம். அப்பா பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அம்மா கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று இன்னொரு முறை வந்து முறைப்பாள். எனக்கு வந்த பங்கு கொஞ்சம் ஜாஸ்தி. கூடப் பிறந்தவர்கள் இல்லாததால் மொத்தமும் என் தலையில் விழுந்துவிட்டது.

விலங்கியலில் முதுகலை கடைசி வருடம். மீன் எப்படித் தன் உடம்பில் உப்பைக் காபந்து பண்ணுகிறது என்பது என் ஆய்வு. கேட்க எளிதாக இருக்கும். ஏரித் தண்ணீரைவிட மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம். அதனால் உடம்பிலிருக்கும் உப்பு செவுள் வழியாக வெளியே நழுவிக்கொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். செவுளில் இருக்கும் சில செல்கள் ராப்பகலாக உட்கார்ந்து, நழுவின உப்பை இழுத்து இழுத்து உள்ளே போடும். அதே மீனைக் கடல் மாதிரி உப்புத் தண்ணீரில் விட்டால் கதை தலைகீழ். இப்போது உப்பு உள்ளே நுழையப் பார்க்கும், செல்கள் அதைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். அந்த வேலை மாற்றத்துக்கு மீனுக்குக் கொஞ்ச நாள் அவகாசம் தேவை. (சந்தேகமே படாத செவுள் இருந்தால் மீன் ஒரு நாள் தாங்காது. இந்த விஷயம்தான் என்னை அந்தப் பாடத்தின் பக்கம் இழுத்தது என்று இப்போது தோன்றுகிறது.)

கல்லூரி ஆய்வகத்தில் வைத்திருந்த முதல் தொகுதி மீன்கள் காணாமல் போயின. ஆய்வக உதவியாளர்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ஜன்னல் வழியாக ஒரு பூனை ஏப்பம் விட்டுக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நீல நிற டப். ஒன்றில் சாதாத் தண்ணீர். இன்னொன்றில் கல்லுப்பை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டிலும் ஜிலேபி மீன் குஞ்சுகள், அவை ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி ஓடுகள், காற்றுக்கு ஒரு சின்ன மோட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் காலை வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் மீனை உயிரோடு பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். மீன் போனால் ஆய்வு போகும், ஆய்வு போனால் அடுத்த வருடம் முழுக்க மறுபடியும் முதலிலிருந்து. எனக்காகக் கல்லூரியில் பேசி வைத்திருந்த வேலையும் அத்தோடு போகும்.

இந்த நிலையில்தான் பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அப்பாவின் அக்கா பச்சையம்மாள் அத்தையும் அவளோடு ஒரு வேன் உறவும் கிரிவலத்துக்கு வந்திறங்கினார்கள்.

அவர்கள் படுக்க மொட்டை மாடி வேண்டும். ஆகவே டப்கள் இரண்டும் கீழே வந்தன. பின்பக்கம் குழாயடியில் வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். மூடி முடிப்பதற்குள் அத்தை சாக்கின் ஓரத்தைத் தூக்கிவிட்டாள்.

“என்னாடி இது, கொப்புளிச்சிக்கினு கீது?”

எனக்குள் எல்லா மணியும் அடித்தது. அத்தை கையில் ஒரு பெரிய தூக்கு, காலியாக. இறங்கியதும் அம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “வூட்ல புளி இருக்குதா?” காலித் தூக்கு, புளி, என் மீன். மூன்றையும் கூட்டினேன். பௌர்ணமி அன்று எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆக, ஊருக்குப் போகும்போது தூக்கில் அள்ளிக்கொண்டு போய் மறுநாள் குழம்பு வைக்கத் திட்டம். அதுவும் நான் ஏற்கெனவே உப்புப் போட்டு வைத்திருக்கும் மீன்!

“மருந்துத் தண்ணி அத்த,” என்றேன். “கல்லுப்பு போட்டு வெச்சிருக்கேன். கைய வெக்காத.”

“எதுக்கு மருந்து?”

“தோலுக்கு.” (செவுளும் ஒரு வகையில் தோல்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.)

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாக்கைக் கீழே விட்டாள். அந்தப் பார்வையில் இருந்ததும் சந்தேகம்தான், அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே. எதையோ மறைக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதை என்பதில்தான் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

நான் சும்மா இருக்கவில்லை. மீன் குழம்புக்கு வேண்டியதை ஒழித்துவிட்டால் குழம்பு எப்படி வரும்? புளி முழுவதையும் எடுத்து என் துணிப் பைக்குள் திணித்தேன். மண்சட்டி கட்டிலுக்கடியில் போனது. அம்மா சமையலறையை மூன்று முறை புரட்டிப் போட்டாள். “நேத்துதானே இங்க வெச்சேன், எலி இழுத்துக்கினு போச்சா?” என்று புலம்பினாள். நானும் சேர்ந்து தேடினேன். அந்த நடிப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

விடியற்காலையில் எல்லோரும் கிரிவலம் கிளம்பினார்கள். அத்தையின் தூக்கு நிறையத் தயிர்சாதம். நல்ல வெயில் ஏறியபிறகு திரும்பி வந்தார்கள். நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். சமையலறைக்குள் ஒரு ஈ நுழையவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்திலிருந்து அத்தையின் குரல் ஆனந்தமாகக் கேட்டது.

“ஐயோ சுகமே! மருந்து நல்லா வேல செய்யுதுடி! நறுக்கு நறுக்குனு இழுக்குது!”

ஓடினேன்.

மலையை வெறுங்காலோடு சுற்றி வந்தவர்களுக்குக் குழாயடியில் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும் கல்லுப்புத் தண்ணீரைப் பார்த்தால் என்ன தோன்றும்? அந்த ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். உப்பு டப்பில் அத்தை முட்டி வரை காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சாதாத் தண்ணீர் டப்பில், அவளோடு வேனில் வந்த சித்தப்பா. குமிழுக்கு அடியில், வெடிப்பு விழுந்த குதிகால்களை என் மீன்கள் சுற்றி நின்று கடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் என் கல்லுப்புப் பை காலியாகக் கிடந்தது.

“உப்பு எங்க அத்த?”

“உங்க சித்தப்பன் தண்ணியில மருந்தே இல்ல, சப்புனு இருந்திச்சி. எனக்கும் கம்மியா இருந்திச்சி. ரெண்டுலயும் பிரிச்சிக் கொட்டிட்டேன்.”

“அத்தே! உள்ள மீனு இருக்குது!”

அடுத்த நொடி நடந்ததை வீட்டில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். அத்தை டப்பிலிருந்து எழும்பிய வேகத்தில் தண்ணீரில் பாதி சித்தப்பா மேல் போனது. “பௌர்ணமி அன்னிக்கி கால்ல மீனு பட்டுடுச்சே! அண்ணாமலையாரே!” என்று அலறிக்கொண்டே குழாயைத் திறந்து காலைக் கழுவினாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சத்தமில்லாத அழுகை எல்லாம் இல்லை, தெருவே எட்டிப் பார்க்கிற அழுகை.

“மருந்துன்னு ஏன்டி சொன்ன?”

“நீ புடிச்சிக்கினு போயி குழம்பு வெச்சிடுவேன்னுதான்! புளி கேட்டியே!”

அத்தை காலைக் கழுவுவதை நிறுத்தினாள். “புளி, புளிசாதம் கட்டிக்கினு போறதுக்குடி. இந்த ஜிலேபியையா? இத எங்க ஊரு பூன கூட மோந்து பாக்காது.” பிறகு, “கைய வெக்காதன்னுதான சொன்ன? கால வெக்காதன்னு சொன்னியா?”

நான் டப்புக்குள் குனிந்தேன். சித்தப்பா டப்பில் மீன்கள் பக்கவாட்டில் சாய ஆரம்பித்திருந்தன. இத்தனை நாளும் உப்பை உள்ளே இழுத்துப் போட்டுப் பழகிய செல்கள். இப்போது ஒரே போடாக வந்து கொட்டிய உப்பை வெளியே தள்ள அவற்றுக்குத் தெரியவில்லை. உடனே சாதாத் தண்ணீருக்கு மாற்றினால் அது இன்னொரு அதிர்ச்சி. மெதுவாகத்தான் தண்ணீரைச் சேர்க்க வேண்டும் என்றேன். கொப்புளம் போட்ட காலை இழுத்து இழுத்து நடந்து, ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். “நீ போ, நான் நாளைக்கி பஸ்ல வரேன்” என்று கத்தினாள். மத்தியானம் முழுக்க நான் சொன்னபோது ஊற்றினாள், சொல்லாதபோது நிறுத்தினாள். அப்போது எனக்கு வந்த வெட்கம் தேர்வு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து போய்ப் புளியை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன்.

சாதாத் தண்ணீர் மீன்களில் சில பிழைக்கவில்லை. பிழைத்தவையும் மந்தமாகவே கிடந்தன. ஆனால் உப்பு டப்பில் அத்தனையும் துள்ளிக்கொண்டிருந்தன.

மறுநாள் டப்களை ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். வெளித்தேர்வாளர் பேண்ட் சட்டையோடு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். (தேர்வுத் தேதியை ஏன் பௌர்ணமியை ஒட்டி வைத்தார் என்ற என் நெடுநாள் சந்தேகம் தீர்ந்தது.) இரண்டு டப்பையும் பார்த்தார். “இந்த மீனுங்க ஏன்மா இப்படிக் கிடக்குது?”

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. புளி முதல் குதிகால் வரை எல்லாவற்றையும் சொன்னேன். துறைத்தலைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வெளித்தேர்வாளர் மட்டும் என்னை உற்றுப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு டப்லயும் ஒரே நேரத்துல உப்பு ஏறியிருக்கு. பழகின மீன் தாங்கிடுச்சி, பழகாதது விழுந்துடுச்சி. உன் ஆய்வே அதுதானே? இது நீ திட்டம் போட்டுச் செஞ்சதா?”

“இல்ல சார், எங்க அத்தை செஞ்சது.”

“அத்தை எந்த டிபார்ட்மென்ட்?”

கேள்விகள் அதற்குப் பிறகு சுலபமாக வந்தன. ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்ல எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தேறிவிட்டேன். கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்தி, “அந்தக் கடி... நிஜமாவே சுகமா இருந்துதா?” என்று கேட்டார். அத்தையைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

கல்லூரியில் அந்த வேலையும் கிடைத்தது. என் காலை வைத்துத்தான் இவள் பட்டம் வாங்கினாள் என்று அத்தை எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிவிடுகிறாள். என் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: “இந்த வூட்ல எங்க தண்ணி இருந்தாலும் கேட்டுட்டு கால வெய்யுங்க மாப்ள. இவ கைய மட்டுந்தான் வெக்காதன்னு சொல்லுவா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்கும் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தால், மக்கை விட்டு ஒரு சுற்றுக் கலக்கி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் குளிக்கிறார். குடும்பச் சொத்தில் அவருக்கும் பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது.