சரளமான ஆங்கிலமும் க்ரீம் பன்னும்

இனிமேல் உண்மை மட்டுமே பேசுவது என்று தீர்மானித்தேன். ஆங்கிலத்தில் மட்டும்.

தமிழில் பேசினால் என் மனைவிக்குப் புரிந்துவிடும். போன மாதம் டாக்டர் என் உடம்பில் ஓடுவது ரத்தமா, சர்க்கரைப் பாகா என்று சந்தேகப்பட்டார். இனிப்பை நிறுத்தாவிட்டால் ஊசிதான் என்றார். அவருக்குத் தமிழ் வராது; நான்தான் அவளுக்கு மொழிபெயர்த்தேன். அவள் அப்பாவின் காலை வாங்கியதும் இதே சர்க்கரைதான். மறுநாள் சீனி டப்பா காலியானது. எனக்கு வேகவைத்த காய். துணைக்கு அவளும் அதையே தின்றாள். அதுதான் என் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் சாயங்காலம் பேக்கரிப் பக்கம் போனால் க்ரீம் பன் என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். அப்புறம் என்ன?

நான் பேச்சு ஆங்கில வாத்தியார். முன்னறைதான் வகுப்பு. ஒரு நர்ஸ், ஒரு லிஃப்ட் மெக்கானிக், வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்த ஒரு பெண். என் வகுப்பில் ஒரே விதி: உதாரணம் சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்கவேண்டும். கற்பனை வாக்கியம் நாக்கில் ஒட்டாது. இந்த விதியால்தான் எனக்குப் பேர்.

அந்த வாரப் பாடம், அளவுக்கு மீறித் தின்பதைச் சொல்லும் சொல்வழக்குகள். நாம் ‘ஒரு பிடி பிடித்தேன்’ என்று கௌரவமாக முடித்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் அதற்குப் பன்றி, குதிரை எல்லாம் கொண்டுவருகிறான். “பிக் அவுட்” என்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். விதி விதிதானே? முந்தின நாள் பேக்கரியில் நான் பன்றியான கதையை ஆங்கிலத்தில் விவரித்தேன். குதிரை மாதிரி தின்பது என்பதற்கு, ஒரு முழு கேக்கை முடித்த கதை. வயிற்றைவிடக் கண் பெரிசு என்பதற்கு, தின்ன முடியாத பன்னை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்த வரலாறு. சொல்லச் சொல்ல மனசு லேசானது.

நடுவில் அவள் சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“பாடம் நல்லாப் போகுதாங்க?”

“உனக்குச் சொன்னாப் புரியாது.”

“சரிங்க” என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை டாக்டரிடம் போனோம். சாப்பாடு எப்படி என்று கேட்டார். உண்மையெல்லாம் வகுப்போடு சரி; குருவி மாதிரி கொறிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, முகத்தையும் குருவி மாதிரி வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

“நோ டாக்டர். ஹி பிக்ஸ் அவுட். எவ்ரி ஈவினிங்.”

குதிரை வந்தது. கேக் வந்தது. ஸ்கூட்டர் சீட்டும் வந்தது. கடைசியில் அவள் குரல் உடைந்தது. “ஐ டோன்ட் வான்ட் டு லூஸ் ஹிம்.”

இவ்வளவு நல்ல ஆங்கிலம் எங்கே படித்தீர்கள் என்று டாக்டர் அசந்துபோய்க் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். இத்தனை வருஷமாக முன்னறைச் சுவருக்குப் பின்னால்தான் காய் நறுக்குகிறேன் என்று, அதையும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். டாக்டர் ஊசியை எடுத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நான் பேசினதுல ஏதாச்சும் தப்பு இருக்கா?”

ஊசி ஏறும்போது நானும் தேடிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. உதாரணம் உட்பட எல்லாமே சொந்த வாழ்க்கையில் நடந்தது.