முதுகில் ஒரு குஸ்கோ குழந்தை

கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் சரியாக, விடை சொல்பவள் நான். அந்த நற்பழக்கத்தால் ஒருமுறை காவல் நிலையம் வரை போக இருந்தேன்.

முதுகலைக் கருத்தரங்கில், பெரு நாட்டு மலைகளில் வாழும் கெச்சுவாப் பெண்களின் உடை குறித்துப் பேசவேண்டியிருந்தது. அங்கே தொப்பியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்: ஓரூரில் தட்டுபோல் பரந்திருக்கும், இன்னோரூரில் விளிம்பெங்கும் குஞ்சலம் தொங்கும். அயகுச்சோ பக்கத்துப் பாவாடைகளில் பூவேலை மிகுதி. நான் குஸ்கோ வட்டாரத்தைத் தேர்ந்தேன்: ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பாவாடைகள், தட்டைத் தொப்பி, லிக்லியா என்னும் சதுரப் போர்வை. தாய்மார் அப்போர்வையில்தான், குளிர் படாதபடி முகத்தையும் மூடி, குழந்தையை முதுகில் சுமப்பார்கள். ஆகவே, பக்கத்து வீட்டார் எனக்காக இரவே வாசலில் எடுத்துவைத்திருந்த பெரிய பொம்மையை வைத்துக் கட்டினேன். கட்டவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு ஜோகுபாளையத்தில் பேருந்து ஏறினேன். (என்னைக் கண்ட ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள்.)

பின்னிருக்கை அம்மாள் முதுகைத் தொட்டார்.

"ஏம்மா, கொழந்த மூஞ்சிய மூடி வெச்சிருக்கியே, மூச்சு முட்டாது?"

"முட்டாதுங்க."

"அசையவே இல்லியே! உன் கொழந்ததானா?"

ஆமாம் என்றால், அப்பாவைத் தெரிந்தவர் எவரேனும் அப்பேருந்தில் இருப்பார், எனக்கோ திருமணமாகவில்லை.

"இல்லைங்க. பக்கத்து வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"அவங்க தூங்கிட்டிருந்தாங்க."

ஒருவர் எழுந்து கதவை மறித்தார்.

"கண்டக்டர், வண்டிய ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுங்க! புள்ள புடிக்கிறவ!"

அப்படிப்பட்ட வதந்தி எல்லாக் கைப்பேசிகளிலும் சுற்றிய வாரம் அது. விளக்க வாயைத் திறந்தேன், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் என் குரல் எடுபடவில்லை. அடி விழுந்தால் மூன்று பாவாடைகள் எவ்வளவு தாங்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

"பிச்சி தோர்சம்மா!" என்று நடத்துநர் கன்னடத்தில் அவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது. குழந்தை தலைகுப்புற விழுந்தது. பேருந்தே அலறியது. அம்மாள் பாய்ந்து தூக்கினார். கை மட்டும் கழன்று அவரிடம் வந்தது. மறுபடி அலறல்.

"அய்யய்யோ... பிளாஸ்டிக்கு! பொம்மன்னு சொல்றதுக்கென்னடி உனக்கு?"

"நீங்க அதைக் கேக்கலைங்க."

கருத்தரங்கில் பேசி முடித்தேன். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "குழந்தைக்கு ஒரு கை இல்லையே, அது எந்த வட்டார வழக்கம்?"

நடந்ததை வீட்டில் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அதுவும் தவறு. இன்றும் நான் நூலகப் புத்தகம் கொண்டுவந்தாலும் கொத்தமல்லிக் கட்டு கொண்டுவந்தாலும் அப்பா தலை நிமிராமல் கேட்கிறார்:

"அவங்க முழிச்சிட்டுதானே இருந்தாங்க?"